பெயின்ட் அப்புறம்... முதல்ல தரை! பழைய குதிரை டிரெய்லரை சிக்கனமா புதுப்பிக்கிறது எப்படி?

குதிரை வண்டியை இழுத்துப் பார்த்திருப்போம். குதிரையையே ஏத்திக்கிட்டுப் போற வண்டியைப் பார்த்திருக்கீங்களா? பிரிட்டனின் கிராமத்துச் சாலைகளில் வீக் எண்ட் காலையில் இது சாதாரணக் காட்சி. முன்னால் ஒரு லேண்ட் ரோவர். அதன் பின்னால் கொக்கியில் மாட்டிய, சின்ன ரூம் சைஸில் ஒரு பெட்டி. உள்ளே இரண்டு குதிரைகள், நடுவில் ஒரு தடுப்பு. போட்டிக்கோ, டாக்டரிடமோ போய்க்கொண்டிருப்பார்கள்.

வேல்ஸைச் சேர்ந்த ஐவர் வில்லியம்ஸ் கம்பெனி டிரெய்லர் அங்கே நம்ம ஊர் மாருதி மாதிரி. எங்கேயும் இருக்கும், ஸ்பேர் பார்ட்ஸும் கிடைக்கும். ஆனால், இரண்டு குதிரை நிற்கும் டிரெய்லர் புதுசாக வாங்கினால் 6,000 பவுண்டைத் தாண்டிவிடும். குதிரைக்குத் தீனி போடவே பர்ஸ் காலியாகிற இளைஞர்கள் என்ன செய்வார்கள்? 20, 30 வருஷம் பழசான ஒன்றைத் தேடிப் பிடித்து, தாங்களே பழுது பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இதில் ஒரு சிக்கல். இன்ஸ்டாவில் வரும் 'பிஃபோர் - ஆஃப்டர்' வீடியோக்களில் பாசி பிடித்த பெட்டி பளபளவென்று மாறுவதுதான் தெரியும். பழைய டிரெய்லரை காபி கடையாக மாற்றுகிறவர்களுக்கு அது போதும். பலகை உளுத்திருந்தால் காபி மெஷின் சாயும், அவ்வளவுதான். ஆனால், 500 கிலோ குதிரை நின்றால்? ஓடும் வண்டியில் தரை உடைந்து குதிரையின் கால் ரோட்டில் உரசினால், முன்னால் ஓட்டுகிறவருக்கு அது உடனே தெரியவே தெரியாது.

இன்னொன்று, 3,500 கிலோவுக்கு உட்பட்ட டிரெய்லர்களுக்கு அங்கே காருக்கு இருப்பது போன்ற வருடாந்தர எம்.ஓ.டி. பரிசோதனை கிடையாது. கொட்டகையில் பத்து வருஷம் கிடந்ததை இன்றைக்கு மாட்டிக்கொண்டு கிளம்பினாலும், வழியில் போலீஸ் நிறுத்தினால்தான் உண்டு. அதனால் நாமதான் இன்ஸ்பெக்டர்.

ரப்பர் மேட்டைத் தூக்குங்க

வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. தரையில் விரித்திருக்கும் ரப்பர் மேட்டைத் தூக்கிப் பார்க்கணும். "அது ஒட்டிக்கிச்சு, எடுக்க வராது" என்று விற்பவர் சொன்னால், எனக்கென்னவோ அதுவே பதில்தான்! குதிரையின் சிறுநீரும், கழுவிய தண்ணீரும் மேட்டுக்கு அடியில் தேங்கித்தான் பலகை உக்கிப்போகும். மேலே நல்லா இருக்கும், உள்ளே ரஸ்க் மாதிரி இருக்கும். ஒரு ஸ்க்ரூடிரைவரால் ஓரங்களிலும் மூலைகளிலும் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் தரை போச்சு. அலுமினியத் தரை என்றால் உக்காது, ஆனால் சிறுநீர் அதையும் அரிக்கும். வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா, குழி விழுந்திருக்கிறதா என்று பார்க்கணும். பின்னால் குதிரை ஏறுகிற சாய்வுப் பலகைக்கும் இதே டெஸ்ட்தான். அது கீல் பக்கம்தான் முதலில் போகும்.

அடுத்து, டார்ச்சோடு அடியில் படுத்துப் பாருங்கள். தரையைத் தாங்கும் குறுக்குக் கம்பிகளைச் சின்னச் சுத்தியலால் தட்டினால் 'டங்'கென்று கேட்கணும். 'சொத்'தென்று கேட்டால் துரு உள்ளே வரை போயிருக்கிறது. மேலாகப் பிடித்த துருவை வொயர் பிரஷ்ஷால் தேய்த்து, ஜிங்க் கலந்த பெயின்ட் அடித்துச் சமாளிக்கலாம். ஒன்றிரண்டு கம்பி போயிருந்தால் வெல்டிங்காரர் பார்த்துக்கொள்வார். காரோடு இணைக்கும் முன்பக்கக் கம்பியிலேயே ஓட்டை இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

தரையை மாற்றுவது கொஞ்சம் உழைப்பு, ஆனால் ராக்கெட் சயின்ஸ் இல்லை. லாரித் தரைகளுக்குப் போடும், இருபுறமும் ரெசின் பூசிய கெட்டியான பிர்ச் ப்ளைவுட்தான் வழக்கமான தேர்வு. பழைய பலகையின் கனத்தை அளந்து அதற்குக் குறையாமல் வாங்கணும். கடையில் கிடைக்கும் சாதா ப்ளைவுட் இதற்கு ஆகாது. ஷீட் 8 அடிக்கு 4 அடி அளவில் வரும், டிரெய்லர் அதைவிட நீளம். எனவே ஒட்டுப்போட வேண்டியிருக்கும். அந்த இணைப்பு சரியாகக் குறுக்குக் கம்பியின் மேல் உட்கார வேண்டும். நடுவில் அந்தரத்தில் விட்டால் அங்கேதான் உடையும். ரெசின் பூச்சு மேலும் கீழும்தான் இருக்கும், அறுத்த விளிம்பில் இருக்காது. வெட்டிய ஒவ்வொரு ஓரத்துக்கும், போல்ட்டுக்குப் போட்ட ஒவ்வொரு துளைக்கும் சீலர் பூசணும். நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான். பழைய பலகையைத் தூக்கிப் போடாதீங்க, அதை வைத்தே புதுசை அளவெடுத்து வெட்டலாம்.

பிரேக், டயர், லைட்

இந்த டிரெய்லர்களின் பிரேக் சிம்பிளான ஐடியா. கார் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் முட்டும். அந்தத் தள்ளலே கொக்கியில் உள்ள தண்டை அழுத்தி, கேபிளை இழுத்து, சக்கரத்தின் டிரம் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டு இருக்கும், கேபிள் துருப்பிடித்து இறுகியிருக்கும். ஷூ, ஸ்பிரிங், கேபிள் மூன்றையும் மாற்றிவிடுவது நல்லது. பேரிங்கும் பாருங்கள். நவீன சீல்டு பேரிங் இருந்தால் அதன் நட்டை ஒருமுறைதான் பயன்படுத்தலாம், கழற்றினால் புதுசு போடணும். டார்க் ரென்ச் இல்லாதவர்கள் இதை மட்டும் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாம். கொக்கி கழன்றால் தானாகவே பிரேக் பிடிக்க வைக்கும் மெல்லிய பாதுகாப்பு வயர் ஒன்றும் உண்டு. விலை ரொம்பக் குறைவு, அதுவும் புதுசாகவே இருக்கட்டும்.

டயர் ஏமாற்றும். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் பட்டன் வேண்டும். குறைவாக ஓடும் டிரெய்லரில் அது தாராளமாகவே இருக்கும். ஆனால் வயசு? பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். '2309' என்றால் 2009-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. சுவரில் பொடிப்பொடியாக வெடிப்பு தெரிந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து.

லைட் எரியவில்லை என்றால் மொத்த வயரிங்கையும் பிடுங்காதீர்கள். பாதி நேரம் எர்த் கனெக்‌ஷனில் துருதான் இருக்கும், சேண்ட்பேப்பரால் தேய்த்தாலே சரியாகிவிடும்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

அழகு வேலையில் எல்லாமே! ஃபைபர் கூரையின் ஒழுகலை சீலன்ட்டால் அடைக்கலாம். பெயின்ட்டை ரோலராலேயே அடிக்கலாம், ஸ்பிரே கன் தேவையில்லை. ரப்பர் மேட்டைச் செகண்ட் ஹேண்டில் வாங்கலாம். உள்ளே மட்டும் வெள்ளையோ க்ரீமோ அடியுங்கள். இருட்டுப் பொந்து மாதிரி இருந்தால் குதிரை உள்ளே வரத் தயங்கும். நீட்டிக்கொண்டிருக்கும் ரிவெட், கிழிந்த தகரம் எல்லாம் குதிரையின் தோலைக் கிழிக்கும் என்பதால் கையால் தடவிப் பாருங்கள். சாய்வுப் பலகையின் ஸ்பிரிங்கில் மட்டும் விளையாட வேண்டாம். இழுவிசையோடு இருக்கும், தெறித்தால் கை போயிடும்.

எடைக் கணக்கும் முக்கியம். காலி டிரெய்லரே ஒரு டன்னை நெருங்கும். இரண்டு குதிரை ஏறினால் இரண்டு டன். உங்கள் கார் அவ்வளவு இழுக்குமா என்பதை மேனுவலில் பார்க்கணும். முன்பு 1997 ஜனவரி 1 முதல் லைசென்ஸ் எடுத்தவர்கள் இந்த எடையை இழுக்கத் தனி டெஸ்ட் பாஸாக வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் அது இல்லை, 3,500 கிலோ வரை இழுக்கலாம். டெஸ்ட் இல்லை என்பதற்காக ரிவர்ஸ் எடுக்கப் பழகாமல் ரோட்டுக்கு வந்துடாதீங்க!

எல்லாம் முடிந்ததும் முதல் ஓட்டம் காலியாக, ஒரு பத்து மைல். நிறுத்தி, சக்கர மையத்தில் கை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அந்தப் பக்கம் பிரேக் உரசுகிறது அல்லது பேரிங் சரியில்லை. வீல் நட்டுகளையும் மறுபடி டைட் வையுங்கள். பிறகு டிரெய்லரைக் காரில் மாட்டியபடியே லாயத்தில் நிறுத்தி, உள்ளே தீனி வைத்து, குதிரை தானாக ஏறி இறங்கிப் பழக நாலு நாள் விடுங்கள்.