நெவாடாவில் ஒரு மசோதா

சூது தீது என்பதை அறநூலார் அனைவரும் ஒருமுகமாகக் கூறுவர். வள்ளுவப் பெருந்தகை அதனைக் கடிவதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். எனினும், தடை விதித்தும் ஒழியாத தீமையொன்றை அரசு யாது செய்தல் வேண்டும்? இவ்வினாவுக்கு விடைகாண முற்பட்ட சட்டசபை உறுப்பினர் ஒருவரின் வரலாறு சிந்தனைக்குரியது.

அமெரிக்காவின் மேற்றிசையில் உள்ளது நெவாடா மாநிலம். பெரும்பாலும் பாலைநிலம். 1930 ஆம் ஆண்டிலே அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 91,000 பேரே. வெள்ளியும் பொன்னும் ஈந்த சுரங்கங்கள் வளங்குன்றின. 1929 இல் தோன்றிய பொருளாதார மந்தம் எஞ்சிய வாழ்வையும் நலித்தது.

சூதாட்டத்தைத் தடைசெய்யும் சட்டம் அங்கு 1909 இல் இயற்றப்பட்டு, 1910 ஒக்டோபர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. ஆட்டமோ நிற்கவில்லை. அது முன்மண்டபத்தை விட்டுப் பின்னறைக்குச் சென்றது, அவ்வளவே. அரசுக்கு வரவேண்டிய பணம், கண்டுங் காணாதிருந்த காவலர் சிலரின் கைக்குச் சென்றது.

இந்நிலையில், 1931 இல், ஹம்போல்ட் மாவட்டத்தின் பிரதிநிதியான பில் டோபின் என்னும் பண்ணையாளர் சட்டசபையில் 98 ஆம் இலக்க மசோதாவைக் கொணர்ந்தார். அவர் சபைக்குப் புதியவர், சூதாட்டப் பிரியருமல்லர். மறைவில் நடப்பதை வெளிப்படுத்தி வரி அறவிட்டால், பொதுக் கருமங்களுக்குப் பணம் கிட்டும் என்பதே அவர் வாதம். சமயத் தாபனங்களும் மாதர் சங்கங்களும் எதிர்த்தன. ஆயினும் மசோதா நிறைவேறியது. அவ்வாண்டு மார்ச் 19 ஆந் திகதி ஆளுநர் பிரெட் பால்சார் ஒப்பமிட்டார். சீட்டாட்ட மேசையொன்றுக்கு மாதம் 25 டொலரும், காசு விழுங்கும் பொறியொன்றுக்கு 10 டொலரும் அனுமதிப்பத்திரக் கட்டணமாயின. வருவாயின் பெரும்பங்கு மாவட்டங்களுக்கும் நகரங்களுக்கும் உரியதாயிற்று.

அவர் எண்ணம் ஈடேறியதா? ஒருபாதி ஈடேறியது. பிற்காலத்தில் சூதாட்ட வரி அம்மாநிலத்தின் பெரும் வருவாய்களுள் ஒன்றாயிற்று. மறுபாதியோ வேறு. உரிமம் வழங்கிய சட்டம், அதைப் பெறுவோர் யார் என்பதை ஆராய வலுவான ஏற்பாடு செய்யவில்லை. லாஸ் வேகாஸ் வளர்ந்தபோது குற்றக் கும்பல்களின் பணமும் அங்கு புகுந்தது. 1950 இல் செனட்டர் கெபோவரின் விசாரணைக் குழு அந்நகருக்கே சென்று இதனை ஆராய்ந்தது. 1955 இலேதான் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சபை அமைக்கப்பட்டது. சட்டத்துக்கும் அதற்கேற்ற காவலுக்கும் இடையே 24 ஆண்டுகள் கழிந்தன.

நீண்டகாலம் நெவாடா தனித்தே நின்றது. 1976 இல் நியூ ஜேர்சி மக்கள் அட்லாண்டிக் நகரில் சூதாட்ட மனைகளை அனுமதிக்க வாக்களித்தனர். 1978 இல் முதல் மனை திறக்கப்பட்டது. பின்னர் பல மாநிலங்கள் அவ்வழி சென்றன.

டோபினைக் குறைகூறுவோரும் ஒன்றை மறுத்தலரிது: பொய்யாகிவிட்ட தடையை மெய்யென்று காட்ட அவர் உடன்படவில்லை. அவரைப் போற்றுவோரும் ஒன்றை மறத்தலாகாது: கருவூலத்துக்கு வந்த பொருள், தோற்றவனின் இல்லத்திலிருந்து வந்த பொருளே. கதவைத் திறக்கும் சட்டம், வாயிற்காவலையும் உடன் வகுத்தல் வேண்டும். நெவாடாவின் வரலாறு சட்டம் இயற்றுவோர்க்குக் கூறும் பாடம் இதுவே.