மருந்துக்கு வசப்படாத மனச்சிதைவு: மூளைத் தூண்டல் சிகிச்சைகளும் அவற்றின் சான்றுகளும்

மனச்சிதைவு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வழக்கமான மருந்துகள் போதிய பலன் தருவதில்லை. இரு வேறு மருந்துகளைத் தக்க அளவில், ஒவ்வொன்றையும் குறைந்தது 6 வாரம் கொடுத்தும் குறிகள் தணியாத நிலையையே மருந்துக்கு வசப்படாத நோய் எனக் கொள்ள வேண்டும் என்று 2017இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று வரையறுத்தது. மாத்திரை உண்மையில் உட்கொள்ளப்பட்டதா என்பதையும் உறுதிசெய்தாக வேண்டும். மருந்துக்கு வசப்படாதவர் எனக் கருதப்படுவோரில் சிலர் மருந்தே சாப்பிடாதவர்கள். அடுத்த படி குளோசாபின் என்ற மருந்து. 1988இல் ஜான் கேன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், இம்மருந்து பெற்றோரில் 30 விழுக்காட்டினர் தேறினர். குளோர்புரோமசின் பெற்றோரில் 4 விழுக்காட்டினரே தேறினர். குளோசாபினும் கைகொடுக்காதவர்கள் இருக்கிறார்கள். மூளைத் தூண்டல் பற்றிய கேள்வி அவர்களை முன்னிட்டே எழுகிறது.

மூளைத் தூண்டல் முறைகளுள் பழையது மின்னதிர்வு சிகிச்சை. வலிப்பு நோயும் மனச்சிதைவும் ஒன்றுக்கொன்று பகை என்ற கருத்தில், 1934இல் புடாபெஸ்டில் லாடிஸ்லாஸ் மெதுனா கற்பூரத்தைச் செலுத்தி நோயாளிகளுக்கு வலிப்பு உண்டாக்கினார். அந்தக் கருத்து பிழையானது. ஆனால் சிலர் குணமடைந்தனர். 1938இல் ரோமில் செர்லெட்டியும் பினியும் அதே வலிப்பை மின்சாரத்தால் வரவழைத்தனர். இன்று மனச்சோர்வுக்கான சிகிச்சையாக மேற்கில் அறியப்படும் இது, மனச்சிதைவுக்காகவே பிறந்தது.

‘கரண்ட் வைப்பது’ என்று ஊரில் அஞ்சப்படுவதற்கும் இன்றைய நடைமுறைக்கும் வெகுதூரம். நோயாளிக்கு மயக்க மருந்து ஏற்றப்படுகிறது. தசைத் தளர்த்தி செலுத்துவதற்கு முன் ஒரு கணுக்காலில் இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி இறுக்குகிறார்கள். அந்தப் பாதத்துக்கு மட்டும் தளர்த்தி போய்ச் சேராது. உடல் அசையாமல் கிடக்க, அந்த ஒரு பாதம் மட்டும் துடிக்கும். வலிப்பு எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை மருத்துவர் அதைப் பார்த்தே கணிக்கிறார். மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் இச்சிகிச்சையைச் செய்வதை இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பிரதாப் தர்யனும் கிளைவ் ஆடம்ஸும் 2005இல் செய்த காக்ரேன் மதிப்பாய்வு, மின்னதிர்வு குறுகிய காலத்தில் பலன் தருகிறது, மருந்தோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று முடிவு கூறியது. நீண்டகாலப் பலனுக்கு உறுதியான ஆதாரம் அதற்குக் கிடைக்கவில்லை. 2015இல் ஜார்ஜ் பெட்ரைடஸ் குழுவினர், குளோசாபினுக்கும் வசப்படாத 39 பேரை ஆராய்ந்தனர். குளோசாபினோடு மின்னதிர்வும் பெற்றோரில் பாதிப்பேர் தேறினர். குளோசாபின் மட்டும் பெற்றோரில் ஒருவர்கூடத் தேறவில்லை. இந்த வேறுபாடு மலைக்க வைப்பது. எனினும் ஒப்பீட்டுக் குழுவுக்குப் போலிச் சிகிச்சை தரப்படவில்லை. தமக்குக் கிடைப்பது எது என்பது நோயாளிகளுக்குத் தெரியும். பிரேசிலில் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட ஒரு சிறிய முன்னோட்ட ஆய்வில் இரு குழுக்களுக்குமிடையே வேறுபாடு தென்படவில்லை. அதன் அளவு சிறிது என்பதால் அதைக் கொண்டு பெட்ரைடஸ் முடிவைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த ‘பாதிப்பேர்’ என்ற எண்ணை அப்படியே நம்பவும் முடியாது. நினைவுக் குறைபாடும் நிறுத்திய பின் நோய் திரும்புவதும் தனிச் சிக்கல்கள்.

வலிப்பு வராத, மயக்க மருந்து தேவைப்படாத முறைகள் மீது பிறகு நம்பிக்கை திரும்பியது. யேல் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் ஹாஃப்மன், இல்லாத குரல்கள் காதில் கேட்கும் 12 பேருக்கு, பேச்சைப் புரிந்துகொள்ளும் இடப்பக்க மூளைப் பகுதியில் நொடிக்கு ஒரு காந்தத் துடிப்பு வீதம் செலுத்திக் குரல்கள் தணிந்ததை 2000இல் தெரிவித்தார். பின்வந்த பெரிய ஆய்வுகளில் அந்தப் பலன் தேய்ந்தது. முனைப்பின்மை, உணர்ச்சி மங்கல் போன்ற குறிகளுக்காக ஜெர்மனியில் 175 பேரிடம் நடந்து 2015இல் வெளியான காந்தத் தூண்டல் ஆய்வில், உண்மைச் சிகிச்சை போலியை விஞ்சவில்லை. நேர்மின்னோட்டத் தூண்டலின் கதையும் ஏறத்தாழ இதுவே: 2012இல் லியோனில் 30 பேரிடம், 2 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை நாளுக்கு இருமுறை 20 நிமிடம் செலுத்திய புருனலின் குழுவினர் குரல்கள் குறைந்ததாகக் கண்டனர், பிற்கால முடிவுகள் முரண்பட்டன. தலையின் மேற்பரப்பில் ஒரு புள்ளியைத் தொடும் கருவி, பல பகுதிகளின் இணைப்பில் ஊன்றிய நோயை அசைக்கத் தடுமாறுவதில் வியப்பில்லை.

மூளைக்குள் மின்முனை பொருத்தும் ஆழ்தூண்டலுக்கு ஒரு கறை உண்டு. 1950களில் நியூ ஆர்லியன்ஸில் ராபர்ட் ஹீத் மனச்சிதைவு நோயாளிகளிடம் நடத்திய மின்முனைச் சோதனைகள் அறநெறி நோக்கில் பின்னர் கடுமையாகக் கண்டிக்கப்பட்டன. 2020இல் பார்சிலோனாக் குழுவினர் ஆழ்தூண்டல் அளித்த 7 பேரில் 4 பேருக்குப் பலன் கண்டனர். ஆர்வமூட்டும் செய்திதான்; ஆனால் 7 பேரைக் கொண்டு அறுவைச் சிகிச்சையைப் பரிந்துரைக்க இயலாது.

ஆகவே வரிசை தெளிவு: முறையாகக் கொடுத்துப் பார்த்த குளோசாபின், அது போதாதபோது நோயாளியின் ஒப்புதலோடு மின்னதிர்வு, காந்தத் தூண்டலும் நேர்மின்னோட்டமும் மற்றவை கைவிட்ட பிறகு கண்காணிப்புடன், ஆழ்தூண்டல் ஆய்வுக்கூடத்துக்குள் மட்டும். இரத்த அணுக்களைத் தவறாமல் பரிசோதித்துக் குளோசாபின் கொடுக்க வசதியில்லாத மருத்துவமனை, காந்தக் கருவி வாங்குவது தலைகீழான செலவு.