ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங்

போன வருடம் ஜூலையில் கலிபோர்னியாவில் மகள் வீட்டில் இருந்தபோது, ஒரு நாள் எல்லோருமாக டிஸ்னிலாந்து போனோம். அங்கே நான் பார்த்ததைவிட நின்றதுதான் அதிகம். எனவே இது அந்தப் பூங்காவைப் பற்றியதல்ல, அங்கே நின்ற வரிசையைப் பற்றிய கட்டுரை.

மனைவிக்கு மூட்டு வலி. அவளும் மகளும் கைக்குழந்தையுடன் நிழலில் உட்கார்ந்துவிட, நானும் மாப்பிள்ளையும் எட்டு வயதுப் பேரனும் 'இந்தியானா ஜோன்ஸ்' ரைடுக்குப் போனோம். வாசல் பலகையில் 75 நிமிடம் என்று போட்டிருந்தது. கதைப்படி அது இந்தியாவில் காட்டுக்குள் மறைந்திருக்கும் பழைய கோயில். இந்தியாவிலிருந்து பதினாலாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து, இந்தியக் கோயிலுக்கே கியூவில் நிற்கிறோமே என்று சிரிப்பு வந்தது.

"மாமா, லைட்னிங் லேன் வாங்கிடலாமா? நேரா உள்ளே போயிடலாம்" என்றார் மாப்பிள்ளை. ஆளுக்கு 30 டாலருக்கு மேல். ரூபாயில் பெருக்கிப் பார்த்து, வேண்டாம் என்றேன். ஆனால் 'லைட்னிங்' என்ற அந்தச் சொல் என்னை எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

டிஸ்னிலாந்து திறந்தது 1955 ஜூலை 17. அன்று அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. ஆனால் போலி டிக்கெட்டுகள் புழங்கியதால் சுமார் 28,000 பேர் உள்ளே வந்துவிட்டார்கள். கடும் வெயில். புதிதாகப் போட்ட தார் இளகி, பெண்களின் குதிகால் செருப்புகள் அதில் புதைந்தன. பிளம்பர்களின் வேலைநிறுத்தத்தால் குடிதண்ணீர்க் குழாய்கள் போதவில்லை. இதெல்லாம் டெலிவிஷனில் நேரடி ஒளிபரப்பு நடந்துகொண்டிருக்கும்போதே. அந்த நாளைப் பூங்காக்காரர்களே பிற்பாடு 'கறுப்பு ஞாயிறு' என்று சொல்லும்படி ஆனது.

ஆரம்பத்தில் நுழைவுக் கட்டணம் ஒரு டாலர்தான். ஒவ்வொரு ரைடுக்கும் தனிக் காசு. அந்த வருடம் அக்டோபரிலேயே டிக்கெட் புத்தகம் வந்தது. ஏ, பி, சி என்று தரம் பிரித்த சீட்டுகள். பிறகு டி, 1959இல் ஈ. சின்ன ராட்டினத்துக்கு ஏ சீட்டு, பெரிய ரைடுக்கு ஈ சீட்டு. ஈ சீட்டு தீர்ந்துபோனால் பெரிய ரைடுக்கு மறுபடி போக மாட்டார்கள். கூட்டம் தானாகவே பிரிந்தது.

1982இல் இந்த முறையை எடுத்துவிட்டார்கள். வாசலில் ஒரே கட்டணம். உள்ளே எதில் வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரைடுக்குக் காசு இல்லை என்றதும் எல்லோரும் பெரிய ரைடுக்கே போனார்கள். காசாகக் கொடுத்ததை நேரமாகக் கொடுக்க வேண்டியதாயிற்று.

1999இல் 'ஃபாஸ்ட்பாஸ்' வந்தது. மெஷினில் ஒரு சீட்டு எடுத்தால், இத்தனை மணிக்கு வா என்று நேரம் குறித்துக் கொடுக்கும். எல்லோருக்கும் இலவசம். 2021இல் அது போய், காசு கொடுத்து முன்னே போகும் முறை வந்தது. அந்தப் பாதையின் பெயர்தான் லைட்னிங் லேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்தவன். எழுபதுகளில் ஒரு சிறிய ஊரின் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் இருந்தேன். என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், டிரங்க் கால் புக் செய்யும்போது "ஆர்டினரியா, அர்ஜென்டா, லைட்னிங்கா?" என்று கேட்போம். அர்ஜென்டுக்குக் கூடுதல் கட்டணம். லைட்னிங்குக்குப் பல மடங்கு. லைட்னிங் சீட்டு வந்தால் மற்ற சீட்டுகளுக்கு மேலே வைக்க வேண்டும். அதுதான் விதி.

காத்திருக்கும் வரிசையைக் கணக்காக்கியதே டெலிபோன்காரர்தான். டென்மார்க்கின் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் இருந்த எர்லாங் என்பவர் 1909இல் அதற்கான முதல் கட்டுரையை எழுதினார். இத்தனை லைன், இத்தனை கால் என்றால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதற்கு 1917இல் சூத்திரமே கொடுத்தார். டெலிபோன் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கு இன்றும் அவர் பெயர்தான். லைன்களின் எண்ணிக்கை கூடாதபோது ஒருவரை முன்னே அனுப்பினால், பின்னே இருப்பவர் அந்த அளவுக்குத் தாமதமாகத்தான் செய்வார். இதற்குச் சூத்திரம்கூடத் தேவையில்லை.

ஒரு நாள் காலை பத்து மணிக்குக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பம்பாயில் மகன் வேலை பார்க்கும் கம்பெனிக்குப் பி.பி. கால். தாயாருக்கு முடியவில்லை என்று முதல் நாளே தந்தி கொடுத்தும் பதில் இல்லையாம். கையில் இருந்த காசு ஆர்டினரிக்குத்தான் போதும். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். எங்கள் ஊரிலிருந்து வெளியே போகும் லைன்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அன்று பஞ்சு வியாபாரிகள் லைட்னிங் மேல் லைட்னிங்காகப் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் பெரியவரின் சீட்டைக் கீழே தள்ளியது என் கைதான். மாலை ஆறரைக்குப் பம்பாய் லைன் கிடைத்தது. கம்பெனி பூட்டியாயிற்று, எடுத்தவர் வாட்ச்மேன். மறுநாள் வந்து பார்க்கிறேன் என்று பெரியவர் எழுந்து போனார். மறுநாள் அவர் வரவில்லை. என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

நான் விதிப்படிதான் செய்தேன். இருந்தாலும் அந்தப் பெஞ்சை மறக்க முடியவில்லை.

பேரன் கேட்டான்: "தாத்தா, அவங்க மட்டும் ஏன் முன்னாடி போறாங்க?"

"கூடக் காசு கட்டியிருக்காங்கப்பா."

"அப்போ அவங்களாலதான் நமக்கு லேட்டா?"

எட்டு வயதில் எர்லாங்கைப் பிடித்துவிட்டான். ஆமாம் என்றேன். அதற்குள் ஒரு கிணறு வந்தது. அதில் தொங்கும் கயிற்றை இழுத்தால் உள்ளிருந்து யாரோ கத்துகிற சத்தம் கேட்கும். அவன் அதை ஐந்தாறு தடவை இழுத்தான். பின்னால் நின்ற குழந்தைகளும் இழுத்தார்கள். நேரம் போனதே தெரியவில்லை. ரைடில் என் இடுப்பு ஒரு வழியானது தனிக்கதை.

மாலையில் மனைவி, "அந்தப் படகு ஒண்ணுல மட்டும் உட்கார்ந்து பார்க்கணும்" என்றாள். 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்து, 1966இல் இங்கே கொண்டுவந்த 'ஸ்மால் வேர்ல்டு' படகு. அங்கேயும் வரிசை. அவளால் நிற்க முடியாது. மகள் என்னைக் கேட்காமலே எல்லோருக்கும் லைட்னிங் வாங்கிவிட்டாள். நானும் மறுக்கவில்லை.

பக்கத்து வரிசையைக் கடந்து போனோம். என் வயது இருக்கும் ஒருவர், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். என்னை ஒரு முறை பார்த்தார். நான் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நடந்தேன்.