மூலநிரலும் மென்பொருளின் ஆயுளும்

அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1975 இல் மறைந்தார். அவரது முழக்கம் ஒலிப்பதிவுகளிலே கேட்கின்றது. ஆயினும் சொற்கட்டும் தாளக்கணக்கும் கற்றவனே அதனைத் தன் தவிலில் மீண்டும் எழுப்ப வல்லவன்.

பழைய கணினி மென்பொருள்களின் நிலையும் இதுவே. இயந்திரம் மாத்திரம் அறியும் இலக்கங்களாய் எஞ்சியவை, அவ்வியந்திரமோ அதனைப் போன்று நடிக்கும் பிறிதொன்றோ இன்றி இயங்கா. மனிதர் எழுதிய மூலநிரல் கிட்டுமாயின், புதிய கணினிக்கேற்ப அவற்றைத் திருத்தியமைக்கலாம்.

'எம்.எஸ். டொஸ்' இயக்கமுறைமையின் தொடக்ககாலப் பதிப்புகள் இரண்டின் மூலநிரலை, மைக்ரோசொப்ட் நிறுவனம் 2014 இல் அமெரிக்கக் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தின் வாயிலாக வெளியிட்டது. முப்பதாண்டுக்கு முந்திய அறிவு அதனாற் படிக்கக் கிடைத்தது.

நம் தமிழ்ச் சொற்செயலிகளை ஆக்கியோரும் மூலநிரலை இன்றே நூலகங்களிடம் ஒப்படைப்பாராக. ஆக்கியோர் மறைந்தபின் அதனைத் தேடுதல் அரிது.