புலம்பெயர் சிறாரும் இளையோர் அரங்கும்: கதை சொல்லும் உரிமை பற்றிய ஓர் ஆய்வு

1. முன்னுரை

2022ஆம் ஆண்டின் முடிவில் உலகெங்கும் 4.33 கோடிச் சிறார் வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்த நிலையில் இருந்தனர் என்று யுனிசெஃப் கணக்கிட்டது. உலக மக்கள்தொகையில் சிறாரின் பங்கு ஏறத்தாழ 30 விழுக்காடுதான். ஊரைவிட்டுத் துரத்தப்பட்டோரில் அவர்களின் பங்கு சுமார் 40 விழுக்காடு. போரும் அடக்குமுறையும் பிள்ளைகளையே அதிகம் வேரறுக்கின்றன என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஆனால் கோடிக் கணக்கில் பேசத் தொடங்கியதும் பிள்ளையின் முகம் மறைந்துவிடுகிறது. நாளிதழில் எண்ணைப் பார்ப்பவர் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். அந்த முகத்தை மீட்டுத்தர இளையோர் நிகழ்த்துகலையை நாடியிருக்கிறார்கள். அவர்களின் முயற்சிகளில் நிலைத்த பயன் தந்தவை எவை, ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கண்ணீரை வரவழைப்பதோடு நின்றுவிடாமல், தன் கதையைச் சொல்லும் உரிமையைச் சிறாரிடமே திருப்பிக் கொடுத்த அரங்கே வென்றது என்பது இங்கு நிறுவப்படும் கருத்து.

2. எல்லையும் அளவுகோலும்

மேற்காசியாவிலும் ஐரோப்பாவிலும் 2014க்கும் 2021க்கும் இடையே நடந்த மூன்று முயற்சிகள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒவ்வொன்றையும் இரு கேள்விகளால் அளக்கலாம்:

அ) கதை யார் கையில் இருக்கிறது?
ஆ) பார்க்க வந்தவருக்கு அரங்கு என்ன பொறுப்பைத் தருகிறது?

3. முகாமில் லியர் மன்னன்

ஜோர்டானின் ஸாத்தரி முகாம் 2012 ஜூலையில் திறக்கப்பட்டது. சிரியாவிலிருந்து எல்லை தாண்டி வந்த குடும்பங்கள் அங்கே கூடாரங்களில் வாழ்ந்தன. சிரிய நடிகர் நவார் புல்புல் அங்கிருந்த ஏறத்தாழ நூறு பிள்ளைகளைச் சேர்த்து, ஷேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்' நாடகத்துக்குப் பயிற்சி அளித்தார். 2014ஆம் ஆண்டு உலக நாடக நாளையொட்டி முகாமிலேயே அது அரங்கேறியது.

நாடகத் தேர்வு கவனிக்கத்தக்கது. குண்டுவீச்சையும் ஓட்டத்தையும் நடித்துக் காட்டும்படி அந்தப் பிள்ளைகளிடம் யாரும் கேட்கவில்லை. நாட்டைப் பங்குபோட்ட அரசன், உண்மை பேசியதால் விரட்டப்பட்ட மகள், புயலில் கூரையின்றி அலையும் முதியவர் என எல்லாமே அவர்கள் அறிந்த துயரங்கள்தான். ஆனாலும் அவை வேறொருவரின் துயரங்கள். பழைய கதை ஒன்று நடுவில் நின்று பிள்ளையின் காயத்துக்குத் திரையாகிறது. பார்க்க வந்த பெற்றோரும் செய்தியாளரும் அன்று கண்டது உதவிக்குக் கையேந்தும் கூட்டத்தை அல்ல. நீண்ட வசனங்களை மனப்பாடம் செய்து, முறை வரும்வரை பொறுமையாகக் காத்திருந்து பேசிய கலைஞர்களை.

4. நேர்காணல் அறையிலிருந்து மேடைக்கு

பெற்றோரும் உற்றாரும் இன்றித் தனியே வந்து பிரிட்டனில் புகலிடம் கேட்கும் சிறார் தம் கதையை அதிகாரிகளிடம் மீண்டும் மீண்டும் சொல்லியாக வேண்டும். எந்த வழியாக வந்தாய், யார் அழைத்துவந்தார், பிறந்த நாள் எது என்று கேள்விகள் நீளும். ஒரு விடை முன்பு சொன்னதோடு ஒத்துப்போகாவிட்டால் சொன்னவரின் நம்பகத்தன்மையே கேள்விக்குள்ளாகும். சான்றிதழ் இல்லாத பிள்ளையின் வயதே ஐயத்துக்கு உள்ளாவதும் உண்டு.

இவ்வாறு வந்து வளர்ந்த இளைஞர்களே நடிகர்களாக உருவான குழு லண்டனின் ஃபாஸ்ஃபரஸ் தியேட்டர். 'டியர் ஹோம் ஆஃபீஸ்' என்ற அவர்களின் நாடகம் 2016இல் எடின்பரோ விழாவில் நடந்தது. உள்துறை அமைச்சகத்துக்கு எழுதும் கடிதத்தின் விளிப்பே அதன் தலைப்பு. பின்னர் வந்த 'பிட்சா ஷாப் ஹீரோஸ்' நாடகத்தில் அவர்கள் பிட்சா கடையில் வேலை பார்க்கும் சாதாரண இளைஞர்களாகவும் தெரிகிறார்கள்.

அறையில் கேள்வி கேட்பவர் அதிகாரி. மேடையில் கதையின் போக்கைத் தீர்மானிப்பவர் இளைஞர். எதைச் சொல்வது, எதை மறைப்பது, எந்த இடத்தில் சிரிக்க வைப்பது என்பதெல்லாம் அவர் விருப்பம். விடை தவறினால் தண்டனை இல்லை. பலருடைய அனுபவங்கள் கலந்து ஒரே கதையாகும்போது, தனியொருவரின் காயத்தைத் தோண்டிப் பார்க்கும் வாய்ப்பும் குறைகிறது. பொறுப்பு இப்போது பார்வையாளர் பக்கம் வருகிறது. அந்தக் கேள்விகள் எவருடைய பெயரால் கேட்கப்படுகின்றனவோ, அந்தக் குடிமக்கள்தான் எதிரே அமர்ந்திருக்கிறார்கள்.

5. பேசாத பாவையின் நெடும்பயணம்

மூன்றரை மீட்டர் உயரம். ஒன்பது வயது சிரியச் சிறுமி. தாயைத் தேடி நடக்கிறாள். இதுதான் அமல். தென்னாப்பிரிக்காவின் ஹேண்ட்ஸ்பிரிங் பாவைக் குழு அவளை உருவாக்கியது. குட் சான்ஸ் தியேட்டரும் பாலஸ்தீனக் கலைஞர் அமிர் நிசார் சுவாபியும் பயணத்தை வகுத்தனர். 2021 ஜூலை 27 அன்று துருக்கியின் காசியான்டெப் நகரில் புறப்பட்டு, சுமார் 8,000 கிலோமீட்டர் கடந்து, நவம்பர் 3 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டரை அடைந்தாள்.

பாவையின் உள்ளே ஒருவர் பொய்க்கால் கட்டி நடக்கிறார். யாழ் நரம்புகளைப் போல இழுத்துக் கட்டிய கயிறுகளால் தலையையும் கண்ணையும் அவரே அசைக்கிறார். வெளியே கைக்கு ஒருவர் நிற்கிறார். நம் தோற்பாவைக் கூத்தில் ஆட்டுவிப்பவர் திரைக்குப் பின்னால் மறைவார்; இங்கே அவர்கள் எல்லார் கண்ணிலும் படுகிறார்கள். ஒரு பிள்ளை நிமிர்ந்து நடக்கப் பல கைகள் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கிவிடுகிறது. அகதியாக வந்த இளைஞர்களும் பாவையை இயக்கியோரில் இருந்தனர்.

அமல் பேசுவதில்லை. அதனால் ஊரார்தான் முதலில் எதையாவது செய்தாக வேண்டும். வழிநெடுகப் பள்ளி மாணவரும் இளங்கலைஞரும் இசையும் ஊர்வலமுமாக வரவேற்றனர். லண்டனின் வி அண்ட் ஏ அருங்காட்சியகத்தில் அவளுடைய பத்தாவது பிறந்தநாள் கொண்டாடப்பட்டது. கிரேக்கத்தின் லாரிசா நகரிலோ அவள்மேல் கல்லெறிந்தார்கள். அதே நாட்டின் மெட்டியோராவில் நுழையவே தடை விதித்தார்கள். இவையும் நாடகத்தின் பகுதிகளே. விருந்தோம்பியவரும் விரட்டியவரும் நடிகராகிவிட, ஒவ்வோர் ஊரும் தன் மனத்தைத் தானே அரங்கேற்றியது.

6. ஒப்பீடும் வரம்பும்

முதல் முயற்சியில் பழங்கதையும், இரண்டாவதில் கூட்டுக்கதையும், மூன்றாவதில் பாவையும் பிள்ளையைக் காத்து நிற்கின்றன. வடிவம் எதுவானாலும், உண்மையான குழந்தையின் அழுகையைக் காட்சிப்பொருள் ஆக்காத ஒழுக்கம் மூன்றுக்கும் பொது. கதை மிக நேரடியாகச் சிறாரின் கைக்கு வந்தது ஃபாஸ்ஃபரஸில்; பார்வையாளருக்கு மிகுந்த பொறுப்பு வந்தது அமலின் நடைப்பயணத்தில்.

வரம்பும் உண்டு. அமல் மான்செஸ்டரை அடைந்து ஆறு மாதம் முடியும் முன்பே, 2022 ஏப்ரலில், பிரிட்டனில் தேசியமும் எல்லைகளும் குறித்த சட்டம் நிறைவேறியது. புகலிட விதிகள் இறுகின, வயதைத் தீர்மானிப்பதற்கும் தனிப் பிரிவுகள் சேர்ந்தன. அரங்கு ஒரே இரவில் சட்டத்தை மாற்றாது. அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுகையில் ஒரு பிள்ளையை நினைத்துப் பார்க்கும் குடிமக்களை அது உருவாக்கும். அதுவே அதன் வேலை, அதுவும் பெரிய வேலை.

7. முடிவுரை

இவ்வாய்விலிருந்து நடைமுறைக்கு மூன்று நெறிகள் கிடைக்கின்றன. சிறாரின் சம்மதமின்றி அவர்களின் அனுபவம் மேடையேறக் கூடாது. நேரடி வாக்குமூலத்துக்குப் பதிலாகக் காப்புத் தரும் கலைவடிவத்தைத் தேட வேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் பார்வையாளர் செய்யக்கூடிய ஒரு செயலையாவது முன்வைக்க வேண்டும்.

பறையும் வீதி நாடகமும் பாவைக்கூத்தும் உள்ள தமிழ்நாட்டுக்கும் இந்நெறிகள் பொருந்தும். மறுவாழ்வு முகாம்களில் வளரும் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளும், பெற்றோரோடு ஒடிசாவிலிருந்து செங்கற்சூளைக்கு வந்து சேரும் பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நாடகம் போட விரும்பும் கல்லூரிக் குழு முதலில் அவர்களையே ஒத்திகைக்கு அழைக்கட்டும். என்ன கதை சொல்லலாம் என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும்.