ஸ்ரீவில்லிபுத்தூரில் படித்தவரும் சூடான கம்பியும்

கே.எஸ். கிருஷ்ணன் என்றதும் நினைவுக்கு வருவது ராமன் விளைவுதான். 1928-ல் சி.வி. ராமனோடு சேர்ந்து அந்தச் சோதனைகளைச் செய்தவர் அவர். 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. அதே கிருஷ்ணன் வெப்பக் கடத்தலிலும் நல்ல ஆய்வுகளைச் செய்திருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது.

அவர் 1898-ல் வத்திராயிருப்பில் பிறந்தார். பள்ளிப் படிப்பு ஸ்ரீவில்லிபுத்தூர் ஜி.எஸ். இந்து பள்ளியில். பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறித்தவக் கல்லூரி, கல்கத்தா. 1947-ல் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனார்.

அங்கே எஸ்.சி. ஜெயினுடன் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி பார்ப்பதற்கு எளிமையானது. வெற்றிடத்தில் ஒரு மெல்லிய கம்பி இருக்கிறது. மின்சாரம் பாய்ச்சினால் நடுப்பகுதி தகதகக்கும். பிடித்திருக்கும் இரு முனைகளும் குளிர்ந்தே இருக்கும். இடையில் எந்த இடத்தில் எவ்வளவு வெப்பநிலை? வெப்பம் கம்பி வழியாக முனைகளுக்கும் போகிறது, மேற்பரப்பிலிருந்து கதிராகவும் வெளியேறுகிறது. அந்தக் கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் படியைப் பொறுத்தது. அதனால் சமன்பாடு லேசில் பிடி கொடுக்காது. 1954-ல் ராயல் சொசைட்டி இதழில் இந்தக் கட்டுரைகள் வெளிவரத் தொடங்கின.

கம்பிக்குள் வெப்பம் ஓடுவதற்கு அவர்கள் நம்பியது ஃபூரியர் 1822-ல் புத்தகமாக வெளியிட்ட விதி. அந்தக் கம்பிக்கு அது போதும். பொருள் நானோ அளவுக்குச் சுருங்கும்போதுதான் சிக்கல்!

சிலிக்கானில் வெப்பத்தைச் சுமப்பவை போனான்கள், அதாவது அணுக்களின் அதிர்வலைகள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு டவுன் பஸ்ஸில் போனால் வழியெல்லாம் நின்று நின்றுதான் போகும். போனான்களும் அப்படி அடிக்கடி மோதிச் சென்றால்தான் ஃபூரியர் விதி சரி. ஆனால் சிலிக்கானில் பல போனான்கள் மோதாமலே நூறு நானோமீட்டருக்கு மேல் ஓடும். பொருளின் தடிமனே 20 நானோமீட்டர் என்றால்? நடுவில் நிறுத்தமே கிடையாது, நேரே சுவரில்தான் இடிக்கும்.

இதற்கான சமன்பாட்டைப் பையர்ல்ஸ் 1929-லேயே கொடுத்துவிட்டார். ஆனால் அதைத் தீர்ப்பது கடினம். மும்பை ஐ.ஐ.டி.யில் படித்த அருண் மஜும்தார் 1993-ல் ஒரு வழி காட்டினார். மெல்லிய படலத்துக்குள் போனான்களை ஒளிக்கதிர்களைப் போலவே கணக்கிடலாம் என்றார். படலத்தைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் எந்தத் திசையில் எவ்வளவு ஆற்றல் போகிறது என்று கணினி கூட்டிப் பார்க்கும். கிருஷ்ணனின் கம்பியில் வெளியே மட்டும் இருந்த கதிர்வீச்சுக் கணக்கு இப்போது உள்ளேயே வந்துவிட்டது.

2003-ல் மஜும்தார் குழுவினர் 22 நானோமீட்டர் சிலிக்கான் கம்பியை அளந்தார்கள். அதன் வெப்பக் கடத்தும் திறன் சாதாரண சிலிக்கானில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பழைய எண்ணை வைத்துக்கொண்டு ஒரு சிப்பை வடிவமைத்தால் அது எதிர்பார்த்ததைவிடச் சூடாகிவிடும்.

கிருஷ்ணன் 1961-ல் மறைந்தார். இன்று ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படிப்பவர்கள் ஃபூரியர் விதியை எழுதும் முன் கம்பியின் தடிமனைக் கேட்டுக்கொள்வது நல்லது.