பாட்டிலும் துப்பாக்கியும்

அமெரிக்காவில் துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றிப் பேச்செடுத்தாலே எதிர்த்தரப்பு கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: மதுவிலக்கு என்ன ஆயிற்று? 1920 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த தடை கள்ளச்சாராயத்தையும் அல் கபோனையும் வளர்த்துவிட்டு 1933இல் ஒழிந்தது. துப்பாக்கிக்கும் அதே கதிதான் என்பது வாதம். இப்படிச் சொல்லப்படும் வரலாற்றில் கடத்தல்காரர்களும் போலீசும் இருக்கிறார்கள். மதுவிலக்கைக் கேட்ட பெண்கள் இல்லை.

1873 டிசம்பரில் ஒஹையோ மாநிலத்தின் ஹில்ஸ்பரோ ஊர்ப் பெண்கள் மதுக்கூட வாசல்களில் மண்டியிட்டுப் பிரார்த்தித்தார்கள். மறு ஆண்டே பெண்கள் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கம் உருவானது. ஒழுக்கம் போதிக்க வந்த சீமாட்டிகள் என்று இவர்களை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அன்று அவர்களுக்கு வாக்கு இல்லை. விவாகரத்து அரிது. பல மாநிலங்களில் மனைவியின் சம்பாத்தியமே கணவனுக்குச் சொந்தமாக இருந்த காலம் அப்போதுதான் முடியத் தொடங்கியிருந்தது. அடிக்கும் கணவன்மீது வழக்காட வழியில்லாதவர்கள் பாட்டில்மீது வழக்குத் தொடுத்தார்கள். சங்கத் தலைவி ஃபிரான்சிஸ் வில்லர்ட் 'வீட்டுப் பாதுகாப்பு' என்ற பெயரில் வாக்குரிமையும் கேட்டார்.

யாருடைய வீடு என்ற கேள்வியும் உண்டு. கறுப்பின மக்கள் கும்பல்களால் கொல்லப்பட்டதை வில்லர்ட் அணுகிய விதத்தைக் கடுமையாகக் கண்டித்தவர் ஐடா பி. வெல்ஸ். ஒவ்வொரு கறுப்பர் வீட்டிலும் வின்செஸ்டர் துப்பாக்கிக்கு மரியாதையான இடம் வேண்டும் என்று 1892இல் எழுதியவரும் அவரே. காவல்துறை காக்க வராத வீட்டில் துப்பாக்கிக்கு வேறு பொருள். இதைத் தாண்டிக்கொண்டு பெண்ணியம் பேசிவிட முடியாது.

மதுவிலக்கு ஒழிந்த மறு ஆண்டு, 1934இல், தேசியத் துப்பாக்கிச் சட்டம் வந்தது. இயந்திரத் துப்பாக்கிக்கு 200 டாலர் வரி. முதல் வரைவில் கைத்துப்பாக்கியும் இருந்தது. எதிர்ப்பு வந்ததும் நீக்கினார்கள். தெருவில் ரவுடிகள் ஏந்திய ஆயுதம் கட்டுக்குள் வந்தது. படுக்கையறை இழுப்பறையில் கிடப்பது தப்பியது.

இந்த இழுப்பறையைச் சட்டம் எட்டிப்பார்க்க அறுபது ஆண்டு ஆயிற்று. குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையாணை பெற்றவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்றது 1994ஆம் ஆண்டுச் சட்டம். 1996இல் சிறு குற்றமாகத் தண்டிக்கப்பட்டவர்களும் இதில் சேர்ந்தார்கள். ஆனால் சேர்ந்து வாழாத, குழந்தையும் பெறாத காதலன் 2022 வரை இந்த 1996 தடைக்கு வெளியேதான் இருந்தான். அடி வாங்கியவளுக்கு இதில் என்ன வித்தியாசமோ!

மதுவிலக்கோடு ஒப்பிட வேண்டுமானால் இங்கே ஒப்பிடலாம். அந்தச் சட்டம் குடிப்பவரை விட்டுவிட்டு, தயாரிப்பையும் விற்பனையையும் எல்லோருக்குமாகத் தடுத்தது. இந்தச் சட்டங்கள் பொருளை விற்கவிட்டு, அடித்தவனின் கையைக் குறிவைக்கின்றன. சாராயத்தை வீட்டு அடுப்பிலேயே காய்ச்சிக்கொள்ளலாம். துப்பாக்கி பெரும்பாலும் தொழிற்சாலையில் செய்து, எண் பொறித்துக் கடைக்கு வருவது.

2024இல் ரஹிமி வழக்கில் 1994ஆம் ஆண்டுத் தடை செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் சொன்னார்கள். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் துப்பாக்கியை யார் போய் வாங்கி வைப்பது என்பதற்குப் பல மாநிலங்களில் இன்னும் தெளிவான நடைமுறை இல்லை.